கோட்டைக்குள் நடந்தே செல்வோம்

தம்பானூர் இரயில் நிலையத்திலிருந்து திருவனந்தபுரம் கிழக்கே கோட்டை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆயினும் வெளியூரார் பலர் பத்மதீர்த்தக் குளம்வரை காரிலேயே செல்ல விரும்புகின்றனர். மேத்தன் மணிக்கூண்டில் மணிதோறும் இரு ஆட்டுக்கடாக்கள் தாடிமுகத்தின் கன்னங்களில் மோதும். குதிரை மாளிகையின் கூரையடியில் 122 மரக்குதிரைகள் நிற்கின்றன. அவற்றை எண்ணி முடித்தவரை நான் கண்டதில்லை! இவற்றையெல்லாம் ஓடும் வண்டியிலிருந்து எங்ஙனம் காண்பது?

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம், தன் பழம்பகுதிக்குள் அனுமதியின்றி நுழையும் வாகனங்களைக் கேமராவால் கண்டறிந்து அபராதம் விதிக்கிறது. குடியிருப்போருக்கு அனுமதிச் சீட்டு உண்டு. நம் கோட்டைக்குள்ளும் இம்முறை வர வேண்டும். நடக்க இயலாத முதியோருக்குச் சிறு மின்வண்டிகள் போதும். நண்பகலில் கோயில் நடை சாத்தப்படுமாதலால் காலையிலேயே புறப்படுங்கள். ஆடவர் வேட்டி கொண்டுசெல்ல மறவாதீர்.