நெடுஞ்சாலை அங்காடியின் வரவு செலவு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோவுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே செல்லும் 10-ஆம் எண் நெடுஞ்சாலையில், ஐயாயிரத்துச் சொச்சம் ஜனங்களே வசிக்கும் லூலிங் என்ற சிற்றூரின் அருகே, 75,000 சதுர அடி விஸ்தீரணமும் 120 பெட்ரோல் பம்புகளும் கொண்ட ஒரு பிரயாண மையத்தை பக்கீஸ் கம்பெனி 2024 ஜூன் மாதத்தில் திறந்தபோது, உலகத்திலேயே மிகப் பெரிய சாலையோரக் கடை என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 1982-இல் ஆர்ச் ஆப்ளின், டான் வாசெக் என்ற இருவர் லேக் ஜாக்ஸன் என்ற ஊரில் சாதாரணக் கடையாகத் தொடங்கிய வியாபாரம் இது. 2003-இல் இதே லூலிங்கில் கட்டிய தங்கள் முதல் பிரயாண மையத்துக்குப் பதிலாகத்தான் இந்தப் பிரமாண்டத்தை எழுப்பியிருக்கிறார்கள். ஊரில் உள்ள அத்தனை குடும்பங்களும் தினந்தோறும் வந்து வாங்கினாலும் இவ்வளவு பெரிய கடைக்குக் கட்டுபடியாகாது. ஊரைக் கடந்து போகிறவர்களை நம்பியே அது நிற்கிறது. அப்படியானால் அந்தப் பிரயாணிகளை அதன் வாசலில் கொண்டுவந்து விடுவது யார், அவர்களிடமிருந்து லாபம் பிறப்பது எந்த இடத்தில், அந்த லாபத்தை வரவேற்பதற்காக ஊர்ப் பொதுப்பணத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது நியாயம் என்ற கேள்விகளைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியம்.

பெட்ரோல் பங்க் வைத்தவனுக்குப் பெட்ரோலில்தான் வருமானம் என்று நினைப்பது இயல்பே. ஆனால் விலையைச் சாலையிலிருந்தே படிக்கும்படி ராட்சத எழுத்துகளில் நாட்டிவைக்கும் அந்த நாட்டில், எதிர்ப்பக்கத்துக் கடையைவிடச் சில சென்ட் அதிகம் கேட்கிறவனிடம் வண்டிகள் திரும்புவதில்லை. காலன் 3 டாலருக்கு விற்பதாக வைத்துக்கொண்டால், பணம் செலுத்தும் கார்டுக்கு நூற்றுக்கு 2 வீதம் கட்டணம் போவதிலேயே 6 சென்ட் கழிந்துவிடுகிறது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் கடைக்காரனுக்கு லாபம் ஏறாவிட்டாலும் அந்தக் கட்டணம் மட்டும் கூடவே ஏறுகிறது. ஆகவே இத்தகைய கடைகளின் விற்பனையில் பெரும்பகுதி எரிபொருளாக இருந்தும், லாபத்தில் பெரும்பகுதி கடைக்குள்ளே விற்கும் பண்டங்களிலிருந்து வருகிறது என்பது அந்தத் தொழிலில் உள்ள அனைவரும் அறிந்த விஷயம். உள்ளே போதிய விற்பனை உடையவன் வெளியே பெட்ரோலை மலிவாகக் கொடுத்துக் கூட்டம் சேர்க்க முடியும். பம்பை மட்டுமே நம்பியவனால் அது முடியாது. டெக்சஸுக்கு வெளியே தன் முதல் மையத்தை பக்கீஸ் 2019-இல் அலபாமாவில் திறந்த உடனே, அடக்க விலைக்கும் கீழே பெட்ரோல் விற்பதாக அக்கம்பக்கத்து நிலையம் ஒன்று வழக்குத் தொடுத்ததன் காரணம் இதுவே. அந்த நாட்டில் 1.5 லட்சத்தை எட்டும் சிறு அங்காடிகளில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே கடை வைத்திருக்கும் தனி முதலாளிகளுடையவை என்பதை நினைக்கும்போது, இந்த வழக்கை வெறும் போட்டிப் பொறாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, உள்ளே விற்கவேண்டுமானால் வண்டியில் இருப்பவன் கீழே இறங்கவேண்டும். இறங்கியவன் பெட்ரோல் நிரம்பும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் அங்கே தங்கவேண்டும். அதற்கு பக்கீஸ் நம்பியிருப்பது கழிப்பறையை. குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர்களுக்குப் பசி இல்லாமல் இருக்கலாம், பெட்ரோல் தேவைப்படாமல் இருக்கலாம், கழிப்பறை மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நீண்ட கூடத்தின் இரு பக்கமும் தரையிலிருந்து மேல்வரை மறைக்கும் கதவுகள். ஒவ்வொரு கதவின் மேலும் ஒரு சிறு விளக்கு, ஆள் இல்லாவிட்டால் பச்சை, இருந்தால் சிவப்பு. ஒருவர் வெளியே வந்ததும் துடைப்பவர் உள்ளே போகிறார். இவ்வளவுக்கும் கட்டணம் ஒரு காசு கிடையாது. ஆனால் அங்கிருந்து வண்டிக்குத் திரும்புகிற குடும்பம், உப்புக்கண்டம் அடுக்கிய சுவரையும், சர்க்கரைப் பாகு பூசிய சோளப்பொரி மூட்டைகளையும், குழந்தைச் சட்டைகளையும், இரும்புச் சட்டிகளையும் கடந்தே போகவேண்டியிருக்கிறது. நடு மேடையில் புகையில் வாட்டிய மாட்டு நெஞ்சுக்கறியைப் புதிதாகப் பலகையில் வைக்கும்போதெல்லாம் சிப்பந்திகள் ஒரே குரலில் கூவி அறிவிக்கிறார்கள். கையில் எதுவும் இல்லாமல் வந்தவனும் அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறான். அலமாரியில் உள்ள தின்பண்டங்களில் பெரும்பாலானவை கம்பெனியின் சொந்த முத்திரை தாங்கியவை என்பதால், வேறு கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வாங்குகிறவனுக்கு வழியில்லை. இடைத்தரகர் பங்கும் கம்பெனிக்கே மிஞ்சுகிறது. மின்சாரக் கார்கள் பெருகினால் இந்த வியாபாரம் படுத்துவிடும் என்று கருதுகிறவர்கள் உண்டு. பெட்ரோல் ஐந்து நிமிஷத்தில் நிரம்புகிறது, மின்கலம் ஏறக்குறைய அரைமணி நேரம் கேட்கிறது. காத்திருப்பையே மூலதனமாக்கத் தெரிந்தவனுக்கு அதனால் நஷ்டம் வரும் என்று நான் நம்பவில்லை.

சம்பள விஷயத்தில் கம்பெனியைப் பாராட்டத்தான் வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு என்று வாசலிலேயே பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். மத்திய சர்க்கார் விதித்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலராகவே நின்றுவிட, டெக்சஸ் மாநிலமும் அதற்கு மேல் எதுவும் விதிக்காமல் இருக்க, இங்கே கடைநிலைச் சிப்பந்திக்கே அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தருகிறார்கள். ஒரு கடையின் தலைமை நிர்வாகிக்கு வருஷ வருமானம் 2 லட்சம் டாலரையும் தாண்டலாம். இரவு பகல் மூடாமல், சுத்தத்தையே விளம்பரமாகக் கொண்ட கடைக்கு நிலைத்து நிற்கும் ஆட்கள் இன்றியமையாதவர்கள். ஆதலால் இது தர்மமும் கணக்கும் ஒருங்கே இசைந்த ஏற்பாடு.

அதே கணக்கு வேறொரு முடிவுக்கும் கொண்டுபோகிறது: 18 சக்கர லாரிகளுக்கு பக்கீஸில் இடம் கிடையாது. லாரி ஓட்டுநர் 8 மணி நேரம் ஓட்டியபின் அரைமணி ஓய்வு எடுக்கவேண்டும் என்றும், 11 மணி நேரம் ஓட்டியபின் 10 மணி நேரம் ஓட்டக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. 2017 டிசம்பர் முதல் லாரியிலேயே பொருத்திய மின்னணுக் கருவி அதைக் கண்காணிக்கிறது. பல கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டு இரவு முழுவதும் தூங்குகிறவரால் கடைக்கு வருமானம் சொற்பம். லாரிகளுக்கென்றே பைலட், லவ்ஸ் போன்ற நிலையங்கள் இருக்கின்றன; பைலட்டை பெர்க்ஷயர் ஹாத்தவே என்ற முதலீட்டு நிறுவனம் 2024 தொடக்கத்தில் முழுவதுமாக வாங்கியதிலிருந்து டீசலிலும் பணம் உண்டு என்று தெரிகிறது. இருந்தும் லாரி நிறுத்த இடம் போதவில்லை. இடம் கிடைக்காமல், கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கில் லாரியை நிறுத்தித் தூங்கிய ஓட்டுநர் ஒருவர் 2009-இல் கொலையுண்ட பிறகு, அவர் பெயரால் ‘ஜேசன் சட்டம்’ என்று வழங்கும் விதி 2012-இல் பிறந்தது. அது மாநிலம்தோறும் லாரி நிறுத்தும் இட வசதியைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. சாலையை நம்பிப் பிழைப்பவருக்கு ஓய்விடம் அரிதாகவும், உல்லாசப் பிரயாணிக்கு 120 பம்புகளும் இருப்பது சந்தை தானாக அளித்த தீர்ப்பு. பொது நன்மை அதில் தானாக வந்து அமைந்துவிடவில்லை.

பிரயாணிகளைக் கடை வாசலில் கொண்டுவந்து விடுவது யார் என்ற மூலக் கேள்விக்கு இனி வருவோம். 10-ஆம் எண் சாலை போன்ற நெடுஞ்சாலைகள் 1956-இல், ஐசன்ஹோவர் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் நிறைவேறிய சட்டத்தின் கீழ், செலவில் நூற்றுக்கு 90 பங்கை மத்திய சர்க்கார் ஏற்க, ஜனங்களின் வரிப்பணத்தால் உருவானவை. அவற்றின் எல்லைக்குள் உள்ள ஓய்விடங்களில் வியாபாரம் கூடாது என்பதும் சட்டம். அதற்கு முன்பே இருந்த பென்ஸில்வேனியா, நியூ ஜெர்ஸி சுங்கச் சாலைகள் போன்றவை மட்டும் விலக்கு. இந்தத் தடையின் பலனாக, சாலையிலிருந்து இறங்கும் வழியை ஒட்டிய தனியார் நிலங்கள் பொன் விளையும் பூமியாகிவிட்டன. அந்த நிலத்துக்கு மதிப்பு தந்தது சாலை. சாலையைத் தந்தவர்கள் ஜனங்கள்.

அப்படியிருக்க, டெக்சஸ் உள்ளாட்சிச் சட்டத்தின் 380-ஆம் அத்தியாயம் தரும் அதிகாரத்தைக்கொண்டு, பல நகர சபைகள் தங்களுக்கு வரவேண்டிய விற்பனை வரியில் ஒரு பகுதியை இத்தகைய மையங்களுக்குத் திருப்பிக் கொடுக்க உடன்படுகின்றன. ஒரு குடும்பம் 20 காலன் பெட்ரோலுக்கு 60 டாலரும், உள்ளே பண்டங்களுக்கு 40 டாலரும் செலவழிப்பதாகக் கொள்வோம். பெட்ரோலுக்கு விற்பனை வரி இல்லை. காலனுக்கு 20 சென்ட் வீதம் மாநிலம் வசூலிக்கும் 4 டாலரில் ஒரு டாலர் பள்ளிக்கூட நிதிக்கும் மற்றது பெரும்பாலும் நெடுஞ்சாலைக்கும் போகிறது. பண்டங்கள் எல்லாம் வரிக்கு உட்பட்டவை என்றே வைத்தாலும், அந்த 40 டாலரில் மாநிலத்துக்கு நூற்றுக்கு 6.25 வீதம் 2.50 டாலர், உள்ளூர் ஸ்தாபனங்கள் அனைத்துக்கும் சேர்த்து உச்சவரம்பு நூற்றுக்கு 2, அதாவது 80 சென்ட். நூறு டாலர் வியாபாரத்தில் ஊருக்கு மிஞ்சும் அந்த 80 சென்ட்டிலும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, கூடும் போக்குவரத்தையும், தண்ணீரையும், சாக்கடையையும், போலீஸையும் நகரமே சமாளிக்கவேண்டும். சொத்து வரியும், 200-க்கு மேற்பட்ட வேலைகளும் வருகின்றனவே என்பார்கள், மெய்தான். ஆனால் அவை சலுகைக்காக வருவன அல்ல. ஓடுகிற வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து இடம் தேர்ந்த கம்பெனி, சில லட்சம் டாலர் கிடைக்கவில்லை என்பதற்காக அந்த வண்டிகளை விட்டுவிட்டு வேறு சாலைக்குப் போய்விடாது. பக்கத்து ஊர்ச் சபையைக் காட்டி பேரம் பேசும், அவ்வளவே.

எனவே இந்த ஊர்ச் சபைகள் வரியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். அணுகுசாலையை அகலப்படுத்தும் செலவைக் கம்பெனியே ஏற்கும்படி கேட்கவேண்டும். அண்டையூர்களும் கலந்து பேசி இதே நிபந்தனையில் உறுதியாக நிற்கவேண்டும். எப்படியும் ஒரு சலுகை கொடுத்தே தீரவேண்டுமானால், அதற்கு ஈடாக லாரி ஓட்டுநர்கள் இரவில் பத்திரமாக நிறுத்தித் தூங்குவதற்கு ஒரு துண்டு நிலத்தையாவது எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்திடட்டும்.