டாக்டரும் பார்மசிஸ்ட்டும் ஒன்றாகப் படித்தால்..!

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். பொதுவாக வாரத்துக்கு ஒருநாள்தான் அதைச் சாப்பிட வேண்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பல நாடுகளில் இந்தத் தவறு நடந்திருக்கிறது. டாக்டர் சரியாக எழுதி, கவுன்ட்டரில் சரியான மாத்திரையைக் கொடுத்தும்கூட நடக்கலாம். எப்படிச் சாப்பிடணும் என்பதை நோயாளிக்கு யார் சொல்வது? 'அவர் சொல்லியிருப்பார்' என்று இருவருமே நினைத்துவிட்டால் போச்சு!

இந்த இடைவெளியைப் படிக்கும்போதே அடைத்துவிடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் ஆகப்போகிறவர்கள் மாணவர்களாக இருக்கும்போதே சேர்ந்து கற்க வேண்டும் என்று 2010-லேயே வழிகாட்டி வெளியிட்டது.

இந்தியாவில் மைசூரு, ஊட்டி ஜே.எஸ்.எஸ் பார்மசி கல்லூரிகள் 1990-களிலேயே மாணவர்களை ஆஸ்பத்திரி வார்டுக்கு அழைத்துப்போயின. 2008-ல் ஆறு வருட பார்ம்.டி படிப்பு வந்தது. அதன் கடைசி வருடம் முழுக்க ஆஸ்பத்திரியில்தான். பொது மருத்துவப் பிரிவில் 6 மாதம், வேறு மூன்று பிரிவுகளில் தலா 2 மாதம்.

ஆனால், ஒரே வார்டில் நின்றாலும் அவரவர் ஆசிரியரிடம் தனித்தனியாகப் பாடம் கேட்டால் பயன் பாதிதான். ஒரே நோயாளியை இருவரிடமும் கொடுத்துப் பாருங்கள். மருத்துவ மாணவர் நோயை ஆராய்வார். பார்மசி மாணவர் நோயாளி கொண்டுவந்த மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்ப்பார். ஒரே வலி மாத்திரை இரண்டு பிராண்டு பெயரில் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஆகாத மருந்தும் இருக்கலாம். பிறகு இருவரும் சேர்ந்து மூத்த டாக்டரிடம் சொல்வார்கள். "இந்த டோஸ் ஏன் சார்?" என்று தயங்காமல் கேட்க ஒருவர் பழகுவார். அப்படிக் கேட்பதை அவமானமாக நினைக்காமலிருக்க இன்னொருவர் பழகுவார். நாற்பது வயதில் இது வருவது கஷ்டம். இருபதில் சுலபம்.

இதற்குத் தோதான ஊர் நம்ம புதுச்சேரி. 1823-ல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. பார்மசி படிப்புள்ள மதர் தெரசா சுகாதார அறிவியல் நிறுவனமும் அதே கோரிமேட்டில்தான். இரண்டுக்கும் பின்கோடுகூட ஒன்றே: 605006. கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி. கடலூர், விழுப்புரத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். புதுக் கட்டடம் வேண்டாம். வாரம் ஒரு மணி நேரம், ஒரு நோயாளி, இரு தரப்பிலும் ஓர் ஆசிரியர் போதும்.

அதுவரை நம் பங்குக்குச் சில விஷயங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சித்தா, ஆயுர்வேதம் உட்பட வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் எடுத்துப்போங்கள். மாத்திரை வாங்கும்போது "தினமுமா, வாரம் ஒருமுறையா?" என்று கேட்டு, அட்டையிலேயே தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலில் டாக்டரைப் பாருங்கள். பக்கவிளைவை அரசிடம் பதிவுசெய்ய இலவச எண்: 1800-180-3024.