வாணியம்பாடிக்குத் திட்டம் போடுவது யார்? தோல் நகரமும் கை கட்டப்பட்ட நகராட்சியும்

2022 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு காலணி, தோல் பொருட்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. 2025-க்குள் 20,000 கோடி ரூபாய் முதலீடு, 2 லட்சம் பேருக்கு வேலை என்பது இலக்கு. அதையொட்டி வந்த பெரிய அறிவிப்புகளை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பெரம்பலூரில் எறையூர், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டை, ராணிப்பேட்டை மாவட்டத்தில் பனப்பாக்கம். தோல் என்றதும் நினைவுக்கு வரும் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கும் திருப்பத்தூர் மாவட்டம் இந்த மூன்றில் எங்கும் இல்லை.

இதைச் சதி என்று சொல்ல முடியாது. மூன்று இடங்களுக்கும் வந்தவை தோல் அல்லாத காலணி கம்பெனிகள். உலகச் சந்தை ஸ்போர்ட்ஸ் ஷூ பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்கு டேனரி வேண்டாம், பாலாற்றுத் தண்ணீர் வேண்டாம், பழைய வழக்குகளின் தலைவலியும் இல்லை. காலி நிலத்தில் சிப்காட் அமைத்துப் புதிதாகத் தொடங்குவது அரசுக்கு எளிது. ஆனால் பழைய ஊரை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

டெல்லி முடிவெடுத்தது, ஊர் மாறியது

வாணியம்பாடி சும்மா வளர்ந்த ஊர் இல்லை. தோல் வியாபாரத்தில் வந்த பணம் இங்கே படிப்பாகவும் மாறியது. இஸ்லாமியா கல்லூரி 1919-லேயே தொடங்கப்பட்டது. பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதுதான் நெடுங்காலம் தொழில். 1972-ல் சீதாராமையா குழு அறிக்கை கொடுத்தது. அதன்பின் மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு, முழுதாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் சலுகை கொடுத்தது. இந்த வட்டாரத்தின் முகமே மாறியது அப்போதுதான். ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் ஊரானது. வாணியம்பாடி பெரும்பாலும் டேனரி ஊராகவே இருந்துவிட்டது. சுற்றுக் கிராமங்களிலிருந்து காலையில் பெண்கள் ‘கம்பெனிக்குப் போறோம்’ என்று பஸ் ஏறுவது இன்றைக்கும் அன்றாடக் காட்சி. கம்பெனிக்குப் போக முடியாத பெண்கள் ஷூவின் மேல்பகுதியை வீட்டிலேயே தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி.

அரசின் ஒரு முடிவு ஒரு வட்டாரத்தையே தூக்கிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த முடிவின் கழிவுநீர் எங்கே போகும் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

பில் வந்தது 1996-ல்

அந்தக் கணக்கை உச்ச நீதிமன்றம் போட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ கெட்டுப்போயிருக்கிறது என்ற விவரங்கள் அதில் பதிவாயின. ‘மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது இந்த வழக்கில்தான். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இது மனப்பாடம். பாலாற்றங்கரை விவசாயிக்குக் கிடைத்தது என்ன? 2001-ல் சூழலியல் இழப்பு ஆணையம் 29,000-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வராது. அதிலும் விடுபட்டவர்களின் பிரச்சினை முடியாமல், 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

தொழில் தரப்பும் சும்மா இருக்கவில்லை. ‘வாணிடெக்’ பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற முறைக்கு இந்தப் பகுதி மாறியது. தண்ணீரை மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள், சரி. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது? அதற்கு மலிவான வழி இன்னும் கிடைக்கவில்லை. ஆவியாக்க ஆகும் கரண்ட் செலவு சிறிய டேனரிக்காரர்களின் கழுத்தை நெரிக்கிறது.

நகராட்சி கையில் என்ன இருக்கிறது?

இவ்வளவிலும் ஒரு பெயர் வரவே இல்லை, கவனித்தீர்களா? வாணியம்பாடி நகராட்சி. அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணையைத் திறந்தால், நகராட்சிகளுக்குத் தரக்கூடிய பொறுப்புகளில் மூன்றாவதாகவே ‘பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல்’ இருக்கிறது. ஏட்டில் மட்டும். நிலம் சிப்காட் கையில், அனுமதி மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில், சலுகை சென்னையின் கையில். 2016-க்குப் பிறகு 2022 வரை நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை என்பது தனிக் கதை.

பணமும் அப்படித்தான். தொழில் வளர்ந்தால் ஜிஎஸ்டி மேலே போகிறது. நகராட்சிக்குக் கிடைப்பது சொத்து வரியும் தொழில் வரியும். தொழில் வரிக்கு உச்சவரம்பு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 1988-ல் வைத்த வரம்பு அது, இன்னும் ஏறவில்லை. லாரி ஓடிச் சிதைந்த ரோடும் சாக்கடையும் குப்பையும் மட்டும் நகராட்சி தலையில்.

அதற்காக டேனரிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை கவுன்சிலர்களிடம் கொடுக்கலாமா? கூடாது. டேனரி முதலாளியும் ஓட்டு கேட்பவரும் ஒரே தெருவில் இருக்கும் ஊரில் அது பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த மாதிரி ஆகிவிடும். கண்காணிப்பு வாரியத்திடமே இருக்கட்டும். நகராட்சிக்கு வேண்டியது வேறு. பொதுப் பரிசோதனைக் கூடம், ஜாப் ஒர்க் செய்யும் சிறு யூனிட்டுகளுக்கு வாடகைக் கூடம், பெண் தொழிலாளர்களுக்குக் குழந்தைகள் காப்பகம், வீட்டில் தைக்கும் பெண்களை நல வாரியத்தில் பதிவு செய்யும் முகாம் ஆகியவற்றைத் தானே திட்டமிட்டு நடத்தும் நிதியும் உரிமையும்தான். ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் இன்று சுற்றுச்சூழல் தணிக்கைச் சான்று கேட்கிறார்கள். நாலு பேர் வேலை செய்யும் யூனிட் அதற்குத் தனியாகச் செலவு செய்ய முடியுமா?

இத்தாலியின் சாண்டா குரோசேவும் இதேபோலத் தோல் ஊர்தான். அங்கே கழிவுநீருக்கும், பயன்படுத்திய குரோமியத்தை மீட்பதற்கும் பொது நிலையங்களைப் பல ஆண்டுகளாகக் கூட்டாக நடத்துகிறார்கள். அதைச் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். சுத்திகரிப்புக் கசடின் சாம்பல் ரோடு போடப் பயன்பட்டது 2021-ல் பெரிய விசாரணையானது. நம் பக்கத்தில், 2015-ல் ராணிப்பேட்டை சிட்கோவில் கசடுத் தொட்டி உடைந்து 10 உயிர்கள் போயின. பொது நிலையம் கட்டிவிட்டால் மட்டும் போதாது, அதைக் கேள்வி கேட்க ஊரில் ஒரு மன்றம் வேண்டும்.

2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர், வாணியம்பாடி ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. டிரம்ப்பை நகராட்சி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் எந்தத் தெருவில் எத்தனை சிறு யூனிட், அதில் எத்தனை பேருக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது என்ற கணக்கை எடுக்க நகராட்சியைவிடப் பக்கத்தில் இருப்பவர் யாரும் இல்லை.

2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானதால் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது. மாவட்டத் திட்டக்குழுவுக்கும் சாசனத்திலேயே இடம் இருக்கிறது. ஆம்பூரையும் வாணியம்பாடியையும் சேர்த்து ஒரே தோல் வட்டாரத் திட்டம் எழுத அந்தக் குழு போதும். முதல் பக்கத்தில் உப்பு மேட்டை எப்போது, யார் செலவில் அகற்றுவது என்று எழுதலாம். 2022-ல் பதவியேற்ற நகர்மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது.