போட்டுக் கொடுப்பது தப்பா?

“டேய், அவன் போட்டுக் கொடுத்துட்டான்டா!” இந்த வசனம் கேட்காத வகுப்பு உண்டா நண்பர்களே?

‘போட்டுக் கொடு’ வேடிக்கையான சொல். அம்மாவிடம் சொன்னால் டீ வரும். ஆட்டோக்காரர் “பாத்துப் போட்டுக் கொடுங்க” என்றால் பேசியதற்கு மேல் பத்து ரூபாய். காய்கறிக் கடையில் நாம் கேட்டால் கொசுறாகக் கறிவேப்பிலை. வகுப்பில் சொன்னால் மட்டும் சண்டை!

இதற்குப் பங்காளிகளும் உண்டு: கோள் மூட்டுவது, வத்தி வைப்பது, காட்டிக் கொடுப்பது. எல்லாம் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. கோள் மூட்டுபவன் இரண்டு பேருக்குள் சண்டை வரவேண்டும் என்றே ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வான். முதுகுக்குப் பின்னால் பேசுவதைக் கண்டிக்கவே வள்ளுவர் ‘புறங்கூறாமை’ என்று 10 குறள் எழுதினார். காட்டிக் கொடுப்பவன் கூட இருந்தவனையே எதிராளியிடம் ஒப்படைப்பான். இலங்கைப் போர்க்காலத்தில் ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து ஆட்களை வரிசையாக நிறுத்தும். முகத்தை மூடிய ஒருவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ, அவரைப் பிடித்துப் போவார்கள். அவனுக்குத் ‘தலையாட்டி’ என்றே பேர்.

நம்மிடம் இன்னொரு பேர் இருக்கிறது: எட்டப்பன். 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். எட்டயபுரத்தார் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்கள். ஆனாலும் துரோகி என்றாலே எட்டப்பன்தான்! பேர் ஒருமுறை ஒட்டிவிட்டால் லேசில் போகாது.

இந்தப் பயம்தான் நம் வாயைக் கட்டுகிறது. ஆறாம் வகுப்புத் தம்பியிடம் பெரிய பையன் தினமும் காசு பிடுங்குகிறான். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒருத்தன் ஒரு அக்காவைப் பின்தொடர்ந்தே வருகிறான். பார்த்தவர்கள் பத்துப் பேர், சொன்னவர் யாருமில்லை. கேட்டால் “நமக்கேன் வம்பு, போட்டுக் கொடுத்தவன்னு பேர் வரும்” என்கிறோம். இது நட்பா? கோழைத்தனம் என்பேன் நான்.

சத்யேந்திர துபே என்ற இஞ்சினியர் தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த ஊழலைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தன் பேரை ரகசியமாக வைக்கச் சொல்லியும் அது வெளியே போனது. 2003 நவம்பரில் பீகாரின் கயா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் போட்டுக் கொடுத்தவர் என்று சொல்ல நமக்கு மனசு வருமா?

வித்தியாசம் எளிது. ஒருவன் அடி வாங்குவதைப் பார்த்து ரசிக்கச் சொன்னால் அது கோள். ஒருவன் அடி வாங்காமல் தப்பிக்கச் சொன்னால் அது உதவி. பேனா கடன் வாங்கினதையும் பக்கத்து பெஞ்சில் சிரித்ததையும் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டாம். யாருக்காவது ஆபத்து என்றால் வாய் மூடி இருக்கவும் வேண்டாம். பள்ளியில் சொல்ல முடியாவிட்டால் 1098 இருக்கிறது, காசு கிடையாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். வந்து சொன்னவன் பேரை வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். “இவன்தான் சொன்னான்” என்று நீங்கள் கை காட்டினால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சிந்திப்போம் நண்பர்களே! தம்பி தங்கைகளுக்காகப் போட்டுக் கொடுத்தால் தப்பே இல்லை!