கண்ணாடி போட்டால் கண் கெட்டு விடுமா?

எங்கள் தெருவில் ஒரு பெண். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன ஆண்டு வரை நன்றாகப் படித்தவள். இந்த ஆண்டு மார்க் குறைந்து விட்டது.

"கவனம் போதாது" என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா திட்டினார். தாயார் அழுதார். செல்போனைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

ஒரு நாள் பஸ்சுக்காக நின்றோம். பஸ் வந்தது. "மாமா, அது எந்த நம்பர் பஸ்?" என்று அந்தப் பெண் கேட்டாள். பஸ் இருபது அடி தூரத்தில் நின்றது. நம்பரோ ஒரு சாண் உயரம்!

அவளுக்குக் கவனம் இருந்தது. கரும்பலகைதான் தெரியவில்லை.

இதைத் தாயாரிடம் சொன்னேன்.

"தெரியும் அண்ணே. டி.வி. பக்கத்திலே போய் ஒட்டிக்கிட்டு உட்காருறா. ஆனா இப்பவே கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகுமாமே? பொம்பளப் பிள்ளை. நாளைக்கு கல்யாணம் காட்சின்னு வந்தா யார் கட்டுவா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

நீளும் கண்

நம் கண் ஓர் உருண்டை. உள்ளே பின்பக்கம் ஒரு திரை இருக்கிறது. நாம் பார்க்கும் பொருளின் உருவம் அதில் சரியாக விழவேண்டும். வளரும் வயதில் சில பிள்ளைகளுக்குக் கண் உருண்டை அளவுக்கு மேல் நீண்டு விடுகிறது. அப்போது திரை பின்னால் போய்விடும். உருவம் அதற்கு முன்னாலேயே விழுந்து விடும். அதனால் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். இதுதான் கிட்டப்பார்வை.

ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே போதும். சுமார் இரண்டரை பவர் வந்து விடும்.

பிள்ளை வளர வளர, கண்ணும் நீளும். பவர் ஏறுவது அதனால்தான். கண்ணாடியால் அல்ல. செருப்புப் போட்டதால்தான் பிள்ளையின் கால் வளர்ந்தது என்று யாராவது சொல்வார்களா?

"பவரைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்" என்று டாக்டரிடம் பேரம் பேசுகிறவர்களும் உண்டு. இதை மலேசியாவில் சோதித்துப் பார்த்தார்கள். சில பிள்ளைகளுக்குச் சரியான கண்ணாடி. சிலருக்குப் பவர் குறைந்த கண்ணாடி. 2002-ல் முடிவு வெளியானது. குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்கே பவர் அதிகமாக ஏறியிருந்தது!

பொன்னாங்கண்ணிக் கீரை நல்லதுதான். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் நீண்டு போன கண்ணை எந்தக் கீரையும் சுருக்காது.

வெயிலில் விடுங்கள்

கிட்டப்பார்வை பெற்றோரிடம் இருந்தும் வரலாம். ஆனால் பிள்ளை எங்கே பொழுதைக் கழிக்கிறது என்பதும் முக்கியம்.

சீனாவில் குவாங்சோ என்று ஒரு நகரம். அங்கே 12 பள்ளிக்கூடங்களில் முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். பாதிப் பள்ளிக்கூடங்களில், தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துக் கண்களைச் சோதித்தார்கள். வழக்கம் போல இருந்த பள்ளிகளில் நூற்றுக்கு 40 பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30 பேருக்குத்தான். இந்த முடிவு 2015-ல் வெளியானது.

நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகள் தப்பியிருக்கிறார்கள். செலவு? 40 நிமிடம்!

தைவான் நாட்டில் 2010-ல் இருந்தே, பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கவேண்டும் என்று திட்டம் போட்டார்கள். வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு வெளிச்சத்தைப் போலப் பல மடங்கு. அது கண் நீளுவதைத் தடுக்கிறது என்று கருதுகிறார்கள். உச்சி வெயிலில் நிற்கவேண்டியது இல்லை. மர நிழலே போதும். ஒன்றை மறக்கவேண்டாம். வெயில், வராமல் தடுக்க உதவும். வந்த பவரை இறக்காது.

நம் ஊரில் வெளிச்சத்துக்குப் பஞ்சமா? இல்லை. ஆனால் பிள்ளைகளை நாம் வெளியே விடுவது இல்லை. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக் கொள்கிறார். மாலையில் டியூஷன். ஞாயிற்றுக்கிழமையும் டியூஷன்! எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்கிறோம். "விளையாட்டு மணி என்ன ஆயிற்று?" என்று ஒருவரும் கேட்பது இல்லை.

வீட்டில் படிக்கும்போது, முழங்கையில் இருந்து விரல் முட்டி வரை உள்ள தூரமாவது புத்தகத்துக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கட்டும். செல்போனுக்கும் அதே கணக்கு. நடுநடுவே எழுந்து தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

பவர் வேகமாக ஏறினால், அதை மெதுவாக்க ஆட்ரோபின் என்ற சொட்டு மருந்து இருக்கிறது. தனிவகைக் கண்ணாடிகளும் வந்திருக்கின்றன. எல்லாப் பிள்ளைக்கும் தேவை இல்லை. டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். கடையில் நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைச் சோதிப்பது அவசியம். பவர் மிகவும் ஏறிவிட்டால், பிற்காலத்தில் உள்ளே இருக்கும் திரை கிழிந்து பிரியும் ஆபத்து கூடுகிறது.

சோடாபுட்டி

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்க, 2009-ல் "கண்ணொளி காப்போம்" திட்டத்தை அரசு தொடங்கியது. ஆனால் கண்ணாடி கையில் கிடைத்தும் போடாத பிள்ளைகள் உண்டு. அது பைக்குள் தூங்குகிறது. காரணம், "சோடாபுட்டி" என்ற கேலி. இந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு யார் கற்றுக் கொடுத்தது? நாம்தான்.

பையன் கண்ணாடி போட்டால் "படித்த களை" என்கிறோம். பெண் போட்டால் மட்டும் குறையா? கரும்பலகை தெரியாமல் அவள் பெயிலானால், அதற்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பதில் சொல்வார்களா?

எங்கள் தெருப் பெண் இப்போது கண்ணாடி போடுகிறாள். பஸ்சில் போகும்போது கடைப் பலகை ஒவ்வொன்றையும் சத்தம் போட்டுப் படிக்கிறாளாம். மார்க்கும் ஏறியிருக்கிறது. தாயாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் போட்டோ எடுக்கும்போது மட்டும், "அதைக் கழற்றிட்டு நில்லுடி" என்கிறார்.