ஒருவரே பல சாட்சி: தேடுபொறித் தரவரிசையும் பல தள உடைமையும்

இணையத்தில் வாணிபம் செய்வோரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியுள்ளது. ஓர் இணையத்தளம் வைத்திருப்பவர் ஒரு பங்கு பெறுவார். பத்துத் தளங்கள் வைத்திருப்பவர் பத்துப் பங்கு பெறுவார் என்பதே அது. தேடுபொறியின் தரவரிசையில் மேலே செல்வதற்கான வெறும் தொழில்நுட்ப உத்தியாகவே இது எடுத்துரைக்கப்படுகின்றது. இதனை விற்றுப் பிழைக்கும் ஆலோசகர்களும் உளர். உண்மையில் இங்கு விற்கப்படுவது பொய்ச் சாட்சியம் என்பதைக் கூறியாக வேண்டும்.

ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லறி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய இருவரும் 1998இல் முன்வைத்த பேஜ்ராங்க் முறையின் அடிப்படை பல்கலைக்கழகத்தாருக்குப் புதியதன்று. ஆய்வுக் கட்டுரையொன்றைப் பிறர் எத்துணை எடுத்தாள்கின்றனர் என்பதைக் கொண்டு அதன் பெறுமதியை மதிப்பிடும் வழக்கமே அங்கு இணையப் பக்கங்களுக்குப் பொருத்தப்பட்டது. ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்பு மேற்கோளாகக் கொள்ளப்பட்டது. இணைக்கும் பக்கம் தானே மதிப்புடையதாயின் அவ்விணைப்பின் நிறையும் கூடும். இம்முறை முழுவதும் ஓர் எடுகோளிலே தங்கியுள்ளது: சாட்சி சொல்பவர் வேறு, சாட்சியத்தாற் பயன்பெறுபவர் வேறு. விரிவுரையாளர் ஒருவர் பத்துப் புனைபெயர்களிற் பத்துக் கட்டுரைகள் எழுதி, அனைத்திலும் தமது நூலையே மேற்கோள் காட்டிப் பதவி உயர்வு கோருவாராயின், அவரை உத்தி அறிந்தவர் என்று எவரும் பாராட்டமாட்டார். (பாராட்டும் பீடங்களும் இருக்கலாம், அது வேறு விடயம்.)

இத்தகைய தனியார் வலையமைப்புகள் கட்டப்படும் முறையே அவற்றின் தன்மையைக் காட்டிக் கொடுக்கின்றது. நின்றுபோன சஞ்சிகை, கலைக்கப்பட்ட சங்கம் முதலியவற்றின் காலாவதியான ஆள்களப் பெயர்கள் ஏலத்தில் வாங்கப்படுகின்றன. முன்னையோர் உழைப்பினால் அப்பெயருக்குக் கிடைத்த இணைப்புகள் புதிய உடைமையாளருக்கு முதலாகின்றன. பின்னர் அத்தளங்கள் வெவ்வேறு பெயர்களிற் பதியப்பட்டு, வெவ்வேறு வழங்கிகளில் வைக்கப்பட்டு, ஒரே தளத்தை நோக்கி இணைப்புகளை அனுப்புகின்றன. நேர்மையான காரியமாயின் இத்துணை மறைப்பு எதற்கு? 2010இல் தொடங்கி 2018இல் நின்றுபோன 'த ஹெயார்பின்' என்னும் அமெரிக்கப் பெண்கள் தளத்துக்கு நேர்ந்தது மனங்கொள்ளத்தக்கது. அதன் பெயரைப் பிறிதொருவர் வாங்கி, கணினி இயற்றிய கட்டுரைகளால் நிரப்பினார். புகழ்பெற்ற பழைய கட்டுரைகள் சிலவற்றை விட்டுவைத்து, எழுதிய பெண்களின் பெயர்களை நீக்கி ஆண்களின் பெயர்கள் இடப்பட்டிருந்தமை 2024இல் அம்பலமாயிற்று. இறந்தவரின் கையொப்பத்தை இட்டுக் காணி உறுதி முடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம்.

இதனால் வரும் பயனும் நிலையானதன்று. ஜே. சி. பெனி என்ற அமெரிக்க விற்பனை நிறுவனத்தின் தளத்தை நோக்கி, தொடர்பேயற்ற ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்புகள் இடப்பட்டிருந்தமையை 2011 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் வெளிப்படுத்தியது. நிறுவனமோ தனக்கு அது தெரியாது என்றது. பயணப்பெட்டி பற்றிய ஒரு தேடலில் முதலிடத்திலிருந்த அத்தளம் இரண்டே மணித்தியாலத்தில் 71ஆம் இடத்துக்கு இறங்கிற்று. 2012 ஏப்ரலில் கூகிள் நடைமுறைப்படுத்திய பெங்குவின் மாற்றமும், 2014இல் தனியார் வலையமைப்புகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையும், 2024 மார்ச்சில் காலாவதியான ஆள்களப் பெயர்களின் துஷ்பிரயோகத்துக்கு எதிராக விதிக்கப்பட்ட விதியும் இவ்வழியிலேயே வந்தவை. சிறு வணிகரோ இதனால் இருமடங்கு நட்டப்படுகின்றார். ஒரே சரக்கை ஐந்து தளங்களில் வைப்பவரின் உழைப்பும் ஐந்தாகப் பிரிகின்றது, பெறும் இணைப்பும் ஐந்தாகப் பிரிகின்றது. ஒரே வாசகம் பலவிடங்களிற் காணப்படின் தேடுபொறி அவற்றுள் ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றை ஒதுக்கிவிடும்.

பல தளங்களை உடைமையாகக் கொண்டிருப்பதே குற்றம் என்று எவரும் வாதிடவில்லை. எல்லாப் பொருளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த அபௌட்.கொம் நிறுவனம், 2016, 2017ஆம் ஆண்டுகளில் மருத்துவத்துக்கொன்று, நிதிக்கொன்று, இல்லத்துக்கொன்று எனத் தனித்தனித் தளங்களாகப் பிரிந்து டொட்டாஷ் ஆயிற்று. ஒவ்வொன்றும் தனக்கெனப் பொருளும் வாசகரும் உடையது. அதிற் பொய் இல்லை.

ஆயினும் பெரிய கேள்வி இங்கேதான் எழுகின்றது. அந்நிறுவனம் 2020இல் சீரியஸ் ஈற்ஸ், சிம்பிளி ரெசிபீஸ் ஆகியவற்றை வாங்கியது. 2021இல் ஏறத்தாழ 270 கோடி டொலருக்கு மெரெடித் நிறுவனத்தை வாங்கியபோது ஓல்ரெசிபீஸ் தளமும் அதன் வசமாயிற்று. 2025இல் அது பீப்பிள் இன்க் எனப் பெயர் மாறியது. ஒரே தளத்திலிருந்து பொதுவாக இரண்டுக்கு மேற்பட்ட முடிவுகள் முன்னிலையிற் காட்டப்படா எனக் கூகிள் 2019 ஜூனில் அறிவித்திருந்தது. கிளை ஆள்களங்களையும் பெரும்பாலும் ஒரே தளமாகவே கொள்வதாகவும் கூறிற்று. அவ்விதி எண்ணுவது தளங்களை, உடைமையாளரை அன்று. ஆகவே சமையற் குறிப்பொன்றைத் தேடுபவர் முன்னே நான்கு தளங்கள் நான்கு குரல்களாக நிற்கலாம். நான்கினதும் இலாபம் ஒரே கணக்கிற் சேரலாம். சமையலில் இதனாற் பெருங்கேடில்லை என்று சிரிப்போர், அதே நிறுவனம் மருந்து பற்றியும் கடன் பற்றியும் தளங்கள் நடத்துகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

சிறு ஏமாற்றுக்காரனின் பத்துப் போலித் தளங்களை வேட்டையாடும் தேடுபொறி, பெரு முதலின் பத்து மெய்த் தளங்களைப் பத்துச் சாட்சிகளாகவே ஏற்றுக்கொள்கின்றது. சட்டத்துக்குப் புறம்பாகத் தேடற் சந்தையில் ஏகபோகத்தைப் பேணியது என 2024 ஓகஸ்டில் அமெரிக்கச் சமஷ்டி நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தது இதே நிறுவனத்தின் மீதுதான். உடைமை ஒருமுகப்படுதல் பற்றி அதற்கு உறுத்தல் இல்லாமை வியப்பன்று. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டு வெளியிட்டோர் பெயரும் முகவரியும் இடுவது பழைய வழக்கம். தேடல் முடிவுகளைப் பற்றிய குறிப்பொன்றை 2021இல் கூகிள் சேர்த்தது. அதனைத் தனியே திறந்து பார்க்க வேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் நான்கும் ஒருவருடையனவே என்பதைப் பட்டியலிலேயே காட்டுவதற்கு ஒரு வரி போதும்.