"கோர்ட்டுக்குப் போ" என்கிறார்கள்!

"இது சிவில் விவகாரம். கோர்ட்டுக்குப் போய்த் தீர்த்துக்கொள்."

நிலத்தைப் பறிகொடுத்த மலையாளி விவசாயி எந்த ஆபீஸ் படியேறினாலும் அவருக்குக் கிடைக்கிற பதில் இதுதான். மனு வாங்கும் அதிகாரியும் இதையே சொல்கிறார், புகார் கேட்கும் போலீசும் இதையே சொல்கிறது. மாரமங்கலம் பக்கத்து ஊர்களில் இந்த வாசகத்தைச் சிறுபிள்ளைகள்கூட ஒப்பிக்கும். கேட்பதற்கு எவ்வளவு நடுநிலையான பேச்சு! கோர்ட் எல்லோருக்கும் பொது. நீயும் போகலாம், உன் நிலத்துக்கு வேலி போட்ட கனவானும் போகலாம். சேர்வராயன் மலையில் நிலப்பறிப்பின் பிரதானக் கருவியே இந்த நடுநிலைதான் என்று நாம் கூறுகிறோம்.

நிலம் எப்படிக் கைமாறுகிறது? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். துரைமார்களின் எஸ்டேட்டுகள் எழுந்தன. சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்த மக்கள் அவற்றில் கூலிகளானார்கள். மிஞ்சிய நிலத்தில் அவர்களும் காப்பி வைத்தார்கள், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றினார்கள். துரைமார்கள் போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்த கனவான்கள் குதிரையில் வருவதில்லை, காரில் வருகிறார்கள். காப்பிக்காக மட்டும் வருவதுமில்லை, பங்களாவும் ரிசார்ட்டும் கட்ட வருகிறார்கள்.

பிள்ளைக்குக் காலேஜ் கட்டணம், வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு கல்யாணம். காய் பறிக்கக் கார்த்திகை, மார்கழி வர வேண்டும், அதுவரை கையில் காசில்லை. கீழ்நாட்டு வியாபாரி முன்பணம் கொடுக்கிறான். மூன்று வருஷத்துக் காய் அவனுக்கு. எழுதாத தாளில் ஒரு கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு. மூன்று வருஷம் ஆறு வருஷமாகிறது, முன்பணத்தின் மேல் முன்பணம் ஏறுகிறது. ஒருநாள் அந்த வெறுந்தாள் கிரய ஒப்பந்தமாகவோ பவர் பத்திரமாகவோ உருவெடுத்து நிற்கிறது. பிறகு கம்பிவேலி. "நான் நிலத்தை விற்கவில்லை ஐயா, காயைத்தான் விட்டேன்" என்று விவசாயி கதறினால், "கோர்ட்டுக்குப் போ!"

கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? சிவில் கோர்ட்டுக்குக் காகிதம்தான் சாட்சி. பத்திரத்தில் எழுதியிருப்பதற்கு மாறாக வாய்ப்பேச்சைக் காட்டி வாதாட இடமில்லை என்பது 1872ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் "பாரதிய" என்று பெயர் சூட்டினார்கள், இந்த விதி அப்படியே இருக்கிறது. மோசடி நடந்தது என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை ஏமாந்தவன் தலையில். மலையாளி ஜனங்களோ வாக்கை நம்பி வாழ்ந்தவர்கள். எல்லைக்கல்லும் ஊர்க்கவுண்டர் பேச்சும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. ஊரார் அத்தனை பேரும் அறிந்த உண்மை கோர்ட்டில் ஒரு முத்திரைத்தாளுக்கு ஈடாவதில்லை.

அடுத்தது காலம். 1963ஆம் வருஷக் காலவரையறைச் சட்டப்படி, ஒருவன் உன் நிலத்தைத் தனதென்று சொல்லிப் பகிரங்கமாக 12 வருஷம் அனுபவித்துவிட்டால், மீட்க நீ வழக்குப் போட முடியாது. அதுமட்டுமல்ல, உன் பாத்தியதையே செத்துப்போகிறது. இதற்கு எதிரிடை அனுபோகம் என்று பெயர். முன்னெல்லாம் ஆக்கிரமித்தவன் தன்மீது வழக்கு வந்தால் மட்டும் இதைக் கேடயமாகப் பிடிப்பான். 2019 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், அவனே வாதியாக வந்து இதைக் காட்டி உரிமை கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. கேடயம் வாளாகிவிட்டது. சர்க்கார் தன் நிலத்தை மீட்க வழக்குப் போடுவதற்கு மட்டும் 30 வருஷ அவகாசம் உண்டு! ஆள், அம்பு, வக்கீல் எல்லாம் உள்ள சர்க்காருக்கு 30, கைநாட்டு வைக்கும் விவசாயிக்கு 12. இந்தக் கணக்கை எந்தக் கனவானாவது நமக்கு விளக்கட்டும்.

மறுபுறம் கனவானே முந்திக்கொண்டு நிரந்தர உறுத்துக் கட்டளை கேட்டுப் பிராது கொடுப்பதும் உண்டு. சம்மன் வீட்டுக் கதவில் ஒட்டப்படுகிறது. 30 நாளில், மிஞ்சினால் 90 நாளில் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு. அதை ரத்து செய்யச் சொல்லி மனுப்போட மறுபடியும் 30 நாள். காய் பறிப்புக் காலத்தில் ஒருநாள் வாய்தா என்றால் ஒருநாள் கூலி போயிற்று. ஏற்காட்டுக்கு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போய், "அடுத்த வாய்தா" என்று கேட்டுக்கொண்டு திரும்பி மலையேற வேண்டும். சொத்து மதிப்பில் நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்த கோர்ட் கட்டணத்தை 2017இல் மூன்று ரூபாயாகக் குறைத்தார்கள். வரவேற்கிறோம். பஸ் கட்டணத்தையும் போன நாளின் கூலியையும் யார் குறைப்பார்கள்?

தருமபுரி ஜில்லா வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். அங்கே இருப்பவர்களும் மலையாளி ஜனங்களே. 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்து அந்த ஊரைச் சூறையாடின, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தனர். மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடியும் அந்த வழக்கை விடாமல் தாங்கி நின்றன. சி.பி.ஐ. விசாரித்தது. அப்படியும் 269 பேரையும் குற்றவாளிகள் என்று சொல்ல 2011 செப்டம்பர் 29 வரை ஆயிற்று. அதற்குள் அவர்களில் 54 பேர் செத்தே போனார்கள். ஐகோர்ட் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். ஓர் ஊரும் ஓர் இயக்கமும் சேர்ந்து நின்ற வழக்கின் கதி இது. இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்துக்காகத் தன்னந்தனியே கோர்ட் வராந்தாவில் நிற்கும் விவசாயியின் கதி என்ன?

"சட்டம் அப்படி, நாங்கள் என்ன செய்வது?" என்கிறார்கள் அதிகாரிகள். சட்டம் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இதே சென்னை ராஜதானி சர்க்கார் 1917இலேயே, கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி ஏஜென்சி மலைகளில் மலைவாசி நிலத்தை ஏஜெண்டின் அனுமதியின்றி மற்றவர் வாங்கினால் செல்லாது என்று சட்டம் போட்டது. துரைத்தனத்துக்குத் திடீர்க் கருணை பிறந்துவிடவில்லை. 1879இல் ரம்பா மலைவாசிகள் கிளர்ந்தெழுந்ததை அது மறக்கவில்லை. சேர்வராயன் மலை அமைதியாக இருந்தது, ஆகவே அந்தச் சட்டம் இங்கே எட்டிப்பார்க்கவில்லை.

ஆந்திரத்தில் 1970ஆம் வருஷத்து 1ஆம் நம்பர் சட்டம், ஏஜென்சிப் பகுதியில் மலைவாசியல்லாதவர் கையில் உள்ள நிலம் மலைவாசியிடமிருந்து வந்ததாகவே கொள்ளப்படும், இல்லையென்று அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது. மகாராஷ்டிரத்தில் 1974ஆம் வருஷச் சட்டம் 1957 ஏப்ரல் 1 முதல் 1974 ஜூலை 6 வரை கைமாறிய மலைவாசி நிலங்களைத் திருப்பித்தரச் சொன்னது. கலெக்டர் தாமாகவே விசாரணை நடத்தலாம். அந்த விசாரணையில் வக்கீல்கள் ஆஜராகவே கூடாது என்றும் விதித்தது! நமது வக்கீல் தோழர்கள் கோபிக்க வேண்டாம். 1984 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே இது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒரிசாவின் மலைவாசி நிலத்தின்மீது எதிரிடை அனுபோகம் கொண்டாட முடியாது என்று 2004இல் அதே கோர்ட் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது? அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒரு சென்ட்கூட இல்லை. சர்க்கார் ஒப்படைத்த நிலத்துக்கு வருவாய் வாரிய நிலையாணை என்ற காகிதக் கவசம் ஒன்று இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்துக்கு அதுவுமில்லை. மலைவாழ் மக்களுக்கென ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். காங்கிரஸ் ஆண்டது, கழகங்கள் ஆண்டன. அந்தச் சட்டமன்றத்துக்கு ஒரு நிலமீட்புச் சட்டம் இயற்ற நேரம் கிடைக்கவில்லை.

"விற்கும் உரிமையைத் தடுத்தால் நிலத்தின் விலை விழும், கடன் கிடைக்காது, நஷ்டம் மலைவாசிக்கே" என்று சில மேதாவிகள் கண்ணீர் வடிக்கிறார்கள். பாங்கியிலும் லேம்ப் கூட்டுறவுச் சங்கத்திலும் அடமானம் வைக்கச் சட்டத்திலேயே வழி விடலாம். விற்றே ஆகவேண்டுமென்றால் இன்னொரு மலைவாசிக்கு விற்கலாம். விலை விழுமாம்! முன்பணத்துக்கு நிலத்தை இழந்தவர் ரிசார்ட் மனையின் விலையில் ஒரு பைசாவாவது கண்டாரா? விழப்போவது தரகர்களின் கமிஷன்தான்.

பெண்களின் பங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய சர்க்கார் தனியே அறிவித்தாலொழிய பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஆகவே "வழக்கம்" என்று சொல்லி மலைவாசிப் பெண்ணுக்குப் பங்கை மறுக்கிறார்கள். 2023இல் சென்னை ஐகோர்ட் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்கும் சமபங்கு உண்டு என்றது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு மலைவாசிக் குடும்ப வழக்கில் பெண்ணின் சமபங்கை ஏற்றது. நல்ல தீர்ப்புகள். ஆனால் ஒவ்வொரு சகோதரியும் தனித்தனியே வழக்காடித்தான் இதைப் பெறவேண்டுமா? அப்படி விட்டால் அண்ணன் தங்கை சண்டைக்குள் தரகன் புகுந்து இருவரிடமும் கையெழுத்து வாங்குவான். மீட்கும் நிலத்தில் பெண்ணின் பெயரும் பட்டாவில் ஏறவேண்டும்.

நமது கோரிக்கை இது: மலைவாசி நிலம் மற்றவருக்குக் கைமாறுவதைத் தடுக்கவும், கைமாறியதை மீட்கவும் சட்டம் வேண்டும். விசாரணை மலையிலேயே நடக்கவேண்டும். நிலம் எப்படி வந்தது என்று நிரூபிக்கும் சுமை வைத்திருப்பவன் மீது இருக்கவேண்டும். சிவில் கோர்ட்டுக்கு இதில் வேலை இருக்கக்கூடாது.

அந்தச் சட்டம் வரும்வரை கையில் இருப்பதை விடலாகாது. 1989ஆம் வருஷ வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் அல்லாத ஒருவர் மலைவாசியின் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பது கிரிமினல் குற்றம். 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை. கடமையில் வேண்டுமென்றே தவறும் அதிகாரிக்கும் தண்டனை உண்டு. "சிவில் விவகாரம்" என்று சொல்பவரிடம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச்சொல்லிக் கேளுங்கள். சம்மன் வந்தால் பெட்டியில் வைக்காதீர்கள், அன்றே நாள் எண்ணத் தொடங்குங்கள். 1987ஆம் வருஷ இலவச சட்ட உதவிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வருமானம் பாராமல் பழங்குடியினர் ஒவ்வொருவருக்கும் வக்கீல் வைத்துத் தரச் சொல்கிறது. சிட்டா, அடங்கல், பழைய கிஸ்தி ரசீது, முன்பணத் துண்டுச்சீட்டு எதையும் எறியாமல் சங்கத் தோழர்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். மே முதல் தேதி கிராம சபையில் மாரமங்கலத்தில் வேலிக்குள் போன ஒவ்வொரு சர்வே நம்பரையும் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் செய்வோம்.